பொத்தானுக்குள் அடங்காத எழுத்து: சித்தூர் எல்லையிலிருந்து ஒரு கணினி வரலாறு

மேசைக்கணினிச் செயலிகளின் பொத்தான், உரைப்பெட்டி, தேர்வுப்பெட்டி, பட்டி முதலிய கட்டுப்பாட்டு உறுப்புகளுக்குத் தோற்றம் அமைக்கும் பணியை ஒப்பனை வேலையாகக் கருதும் வழக்கம் நம் கல்விப்புலத்தில் இருக்கிறது. தரவுத்தளமும் படிமுறையும் பாதுகாப்பும் ஆய்வுக்குரியவை. நிறமும் விளிம்பும் இடைவெளியும் இறுதியில் பூசப்படுபவை என்பது அக்கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஒரு பொத்தானுக்கு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்த எழுத்துரு என்று முடிவு செய்பவர், எந்த மொழி அதற்குள் முழுமையாக எழுதப்படலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். 1980களிலும் 1990களிலும் இம்முடிவு லத்தீன் எழுத்தை அளவாகக் கொண்டு எடுக்கப்பட்டது. அதன் சுமையைத் தமிழும் தெலுங்கும் வேறு வேறு வகையில் தாங்கின. அவ்வேறுபாடு ஒரே மேசையில், ஒரே படிவத்தில் எதிர்ப்படக்கூடிய நிலப்பரப்பு சித்தூரும் திருப்பதியும்.

1. நிலப்பரப்பு

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணத்தில் உருவானது. வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகள் அதில் சேர்க்கப்பட்டன. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அம்மாநிலத்திற்குச் சென்றது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறினாலும் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் நிலை மாறவில்லை. திராவிடப் பல்கலைக்கழகம் 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்டதும் இம்மண்ணில்தான்.

இருமொழி வழக்கின் பழமைக்குத் திருமலைக் கோயிலே சான்று. அதன் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் அவற்றை 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அதே கோயிலில் காக்கப்பட்ட அன்னமாச்சாரியரின் கீர்த்தனைச் செப்பேடுகள் தெலுங்கில் பொறிக்கப்பட்டவை. கல்லில் எழுதியவர்க்கு ஒரு வசதி இருந்தது. வரி முடிந்தால் சொல்லை எவ்விடத்திலும் முறித்து அடுத்த வரிக்குச் செல்லலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி வேண்டியதில்லை. பெரும்பாலும் புள்ளியும் இடுவதில்லை. எழுத்துக்கேற்ப வரி நீண்டது. கணினித் திரையின் பொத்தான் அந்த வசதியை வழங்கவில்லை. அதற்கு ஒரே வரி. அந்த வரிக்கு முன்னரே வகுக்கப்பட்ட நீளம்.

2. பொத்தானை வரைபவர் யார்?

தோற்றத்தின் வரலாற்றை இக்கேள்வியிலிருந்து தொடங்குவது நன்று. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியில் பொத்தானை வரையும் பொறுப்பு இயங்குதளத்தைச் சார்ந்தது. செயலியை எழுதுபவர் ஒரு செவ்வகத்தின் இடத்தையும் அதில் வரவேண்டிய சொல்லையும் கொடுப்பார். ஓரங்களை வளைத்துக் கோடிட்டு எழுத்தை நடுவில் நிறுத்துவது இயங்குதளத்திலுள்ள ஒரு வரையறைச் செயற்கூறின் வேலை. 1985இல் வந்த விண்டோஸும் இவ்வழியைப் பின்பற்றியது. எல்லாச் செயலிகளும் ஒரே முகத்தோடு தோன்றுவதால் பயனர் ஒன்றில் கற்றதை மற்றொன்றில் பயன்படுத்தலாம். இது இம்முறையின் பெரும் நன்மை.

அதே 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமை வேறு வழியில் சென்றது. செயல்வகையை மட்டும் தருவோம், தோற்றக் கொள்கையைத் திணிக்க மாட்டோம் என்பது அதன் நிலைப்பாடு. அதன்மேல் எழுதப்பட்ட அத்தீனா முதலிய உறுப்புத் தொகுதிகளில், பொத்தானின் நிறம், எழுத்துரு, ஓர இடைவெளி ஆகியவற்றைச் செயலிக்கு வெளியே ஓர் எளிய உரைக்கோப்பில் பயனரே எழுதி வைக்கலாம். இன்னவகைப் பொத்தான்களுக்கெல்லாம் இன்ன எழுத்துரு என்று ஒரே வரியில் விதி வகுக்கலாம். பின்னாளில் இணையப் பக்கங்களுக்கென 1996இல் வகுக்கப்பட்ட பாணித்தாள் முறையை அறிந்த மாணவர்கள், அதன் உறவுமுறையை இங்கே காணலாம்.

ஆக, தொடக்கத்திலேயே இரு விடைகள் இருந்தன. ஒன்று, இயங்குதளம் வரையும். மற்றொன்று, பயனர் சொன்னபடி வரையப்படும். இந்திய அலுவலகங்களின் மேசைகளில் பரவலாக வந்து அமர்ந்தது முதல் விடை. விண்டோஸ் 3.0 (1990) பொத்தான்களுக்கு நிழல் தந்தது. விண்டோஸ் 95 சாம்பல் நிறத்தையும் எழும்பிய விளிம்பையும் எங்கும் பரப்பியது. ஒளி மேல் இடப்புறத்திலிருந்து விழுவதாகக் கொண்டு, அப்பக்க விளிம்புகள் வெளுத்தும் எதிர்ப்பக்க விளிம்புகள் கறுத்தும் வரையப்பட்டன. அழுத்தினால் இந்நிறங்கள் இடம் மாறின. பயன்படுத்த இயலாத நிலையிலுள்ள பொத்தானின் சொல் இருமுறை வரையப்பட்டது: ஒரு பிக்சல் தள்ளி வெள்ளையில் ஒருமுறை, அதன்மேல் சாம்பலில் ஒருமுறை. பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆன லத்தீன் எழுத்தில் இது செதுக்கு வேலைபோல் தோன்றும். சுழிகளால் ஆன நம் எழுத்துகளில் அந்த வெள்ளை நிழல் சுழிக்குள் புகுந்து அதை அடைத்துவிடும்.

3. ஐம்பத்திரண்டு எழுத்துகளின் அளவுகோல்

நிழலைவிட ஆழமான செய்தி அளவில் இருக்கிறது. விண்டோஸின் உரையாடல் பெட்டிகளில் பொத்தானின் இடமும் அளவும் பிக்சலில் குறிக்கப்படுவதில்லை. உரையாடல் அலகு என்ற தனி அளவு அதற்கென உண்டு. கிடைமட்டத்தில் ஓர் அலகு என்பது, பெட்டிக்குரிய எழுத்துருவின் சராசரி எழுத்தகலத்தில் நான்கில் ஒரு பங்கு. செங்குத்தில் ஓர் அலகு என்பது எழுத்துயரத்தில் எட்டில் ஒரு பங்கு. எழுத்துரு பெரிதானால் பெட்டியும் பெரிதாகும். சிறிதானால் பெட்டியும் சிறிதாகும். எழுத்தைக் கொண்டே இடத்தை அளக்கும் இம்முறை, சிந்தித்துப் பார்த்தால் மிக நுட்பமானது.

ஆனால் சராசரி எழுத்தகலம் என்பது எவ்வெழுத்துகளின் சராசரி? மைக்ரோசாஃப்ட் தன் நிரலர்களுக்குத் தந்த விளக்கத்தில் விடை இருக்கிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் இருபத்தாறையும் சிறிய எழுத்துகள் இருபத்தாறையும் வரிசையாக எழுதி, அச்சரத்தின் மொத்த நீளத்தை அளந்து, அதிலிருந்து ஓர் எழுத்தின் பங்கைக் கண்டறிய வேண்டும். அந்த ஐம்பத்திரண்டு எழுத்துகளே அளவுகோல். அக்கோலால் அளந்து, வழக்கமான பொத்தானின் அளவு ஐம்பது அலகு அகலம், பதினான்கு அலகு உயரம் என்று வகுக்கப்பட்டது. கணக்கிட்டால் அகலம் பன்னிரண்டரை லத்தீன் எழுத்துகளுக்குரியது. உயரம் ஒன்றேமுக்கால் வரிக்குரியது. பெயர்ச்சீட்டாக வரும் நிலை உரைக்கு வகுக்கப்பட்ட உயரம் எட்டே அலகு. அதாவது சரியாக ஒரு வரி. மேலும் கீழும் மிச்சம் ஏதுமில்லை.

இதில் யாருடைய தீய எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை. எதிரே இருந்த எழுத்தைக் கொண்டு அளந்தார்கள். ஆனால் அளவுகோல் ஒருமுறை தரமாகிவிட்டால், அது அளவுகோல் என்பதே மறந்துபோகும். நிரலாக்கக் கருவியைத் திறந்து ஒரு பொத்தானை இழுத்து வைக்கும் மாணவருக்கு, அதன் இயல்பளவு இயற்கையிலேயே அமைந்ததாகத் தோன்றும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் கருவியில் அது 75 பிக்சல் அகலம், 23 பிக்சல் உயரம். அவ்வளவு ஏன் என்று கேட்பவர் அரிது.

4. தமிழ் பக்கவாட்டில், தெலுங்கு மேலும் கீழும்

அந்தப் பெட்டிக்குள் முதலில் தமிழை வைத்துப் பார்ப்போம். 'ஆப்ஷன்ஸ்' என்பது ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. அதற்கு வழங்கும் 'விருப்பத்தேர்வுகள்' என்ற தமிழ்ச்சொல் பத்து எழுத்து. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் லத்தீன் எழுத்தைவிடப் பொதுவாக அகலமானது. 'தே' போன்றவற்றில் கொம்பு தனியே ஓரிடம் கொள்ளும். 'கொ' என்றால் இருபுறமும் இடம் வேண்டும். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் பன்மையும் வேற்றுமையும் ஏவலும் சொல்லின் வாலில் சேர்ந்து அதை மேலும் நீட்டும். எல்லாச் சொற்களும் இப்படி அல்ல. 'சரி', 'சேமி', 'உதவி', 'நீக்கு' ஆகியவை பொத்தானுக்குள் வசதியாக அமர்கின்றன. இடர் தருவன கூட்டுச்சொற்களும் முழு வினைத்தொடர்களுமே.

அடுத்து தெலுங்கு. அதன் இடர் பெரிதும் அகலத்தில் இல்லை. தெலுங்கில் மெய்கள் அடுத்தடுத்து வரும்போது, இரண்டாவது மெய் 'ஒத்து' என்னும் வடிவில் முதல் எழுத்தின் கீழே தொங்கும். உயிர்க்குறி பெரும்பாலும் தலைக்கு மேலே ஏறும். பதிவு அலுவலகத்தில் அன்றாடம் புழங்கும் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அதன் நடுவிலுள்ள 'ஸ்ட்ரே' தெலுங்கில் ஒரே எழுத்துக் கட்டு. ஸகரத்தின் தலையில் ஏகாரக் குறி. அடியில் டகரத்தின் ஒத்து. அதனோடு ரகரத்தின் ஒத்து. தமிழில் நான்கு இடங்களில் பரந்து கிடப்பது, தெலுங்கில் அடுக்காக நிற்கிறது. எட்டு அலகு உயரமே உள்ள நிலை உரையில் இவ்வடுக்கு நுழைந்தால், பெட்டியின் கீழ்விளிம்பு ஒத்தை அறுத்துவிடும். வாசிப்பவர் கண்ணுக்கு மெய் ஒன்று காணாமற்போகும்.

ஆகவே ஒரே செவ்வகத்தை இவ்விரு மொழிகளும் இரு திசைகளில் சோதிக்கின்றன. சென்னையில் அமர்ந்து தமிழுக்காக மட்டும் அகலத்தைக் கூட்டிய வடிவமைப்பாளருக்கு உயரச் சிக்கல் தெரியாது. ஹைதராபாத்தில் தெலுங்குக்காக உயரத்தைக் கூட்டியவருக்கு அகலச் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது. இரு மொழிப் பெயர்களும் ஒரே உரைப்பெட்டியில் வரக்கூடிய எல்லை மாவட்டத்திற்கென எழுதுபவர் இரண்டையும் ஒருங்கே எண்ணியாக வேண்டும்.

மற்றொரு சிறு சான்றும் உண்டு. பட்டியிலும் பொத்தானிலும் ஓர் எழுத்துக்கு அடிக்கோடிட்டு, அவ்விசையை அழுத்தினால் அக்கட்டளை நடக்கும் என்று காட்டுவது பழைய மரபு. தமிழில் அக்கோடு 'கு', 'பு', 'சூ' போன்றவற்றின் கீழ்ச்சுழியோடு மோதுகிறது. தெலுங்கில் ஒத்தோடு மோதுகிறது. மேலும், தமிழ் எழுத்து ஒன்றுக்கு ஒரு விசை என்பதும் எப்போதும் பொருந்தாது. எனவே கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியோர் 'கோப்பு' என்று எழுதி, அதன் பக்கத்தில் பிறைக்குறிக்குள் ஆங்கில எழுத்து ஒன்றையும் வைத்தனர். விசைக்குரிய அடையாளம் ஆங்கிலத்திலேயே தங்கியது. பொத்தான் இன்னும் சற்று நீண்டது.

5. எட்டு பிட் எழுத்துருக் காலம்

அரசு அலுவலகங்கள் கணினிக்கு மாறிய காலமும் இதுவே. ஆந்திரப் பதிவுத்துறையின் கணினிமயத் திட்டமான 'கார்டு' 1998 நவம்பரில் அம்மாநிலத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட அலுவலகங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, விசைப்பலகைத் தரமும் டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்களும் அவ்வாண்டிலேயே அரசால் ஏற்கப்பட்டன. இந்திய அளவில் இஸ்கி என்ற குறியேற்றத் தரம் 1991 முதல் இருந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழும் தெலுங்கும் இடம்பெற்றிருந்தன. ஆனால் பரவலான இயங்குதளத்தில் அவை இயங்கக் காலமாயிற்று. விண்டோஸ் 2000இல் 'லதா' எழுத்துருவோடு தமிழுக்கும், 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியில் 'கௌதமி' எழுத்துருவோடு தெலுங்குக்கும் வழி பிறந்தது.

அதற்கு முன்னர் நிரலர்கள் என்ன செய்தனர்? ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருவை நிறுவினர். பின்னர் விஷுவல் பேசிக் போன்ற கருவியில் ஒவ்வொரு பொத்தானின் எழுத்துருப் பண்பையும் அதற்கு மாற்றினர். தோற்றத்தை மாற்றுவதே மொழியை மாற்றுவதாக இருந்த காலம் அது. பொத்தானுக்குள் இருந்த எழுத்துத் தொடர் கணினிக்குப் பொருளற்ற ஆங்கிலக் குறிக்கூட்டம். எழுத்துருவின் முகத்திரையால் மனிதக் கண்ணுக்கு மட்டும் அது தமிழ்.

அம்முகத்திரை எட்டாத இடங்கள் இருந்தன. சாளரத்தின் தலைப்புப்பட்டை, பட்டி, எச்சரிக்கைப் பெட்டி ஆகியவற்றை இயங்குதளம் தன் எழுத்துருவில் தானே வரையும். அங்கே தமிழ்த்தொடரை இட்டால் அடையாளம் புரியாத குறிகள் தோன்றும். இதனால் தலைப்பு ஆங்கிலம், பட்டி ஆங்கிலம், எச்சரிக்கை ஆங்கிலம், உள்ளே பெயர்ச்சீட்டு மட்டும் தமிழ் என்ற கலப்பு முகம் அக்காலச் செயலிகளில் இயல்பாயிற்று. தரவு அழியப்போகிறது என்ற எச்சரிக்கை, அதாவது பயனர் புரிந்துகொண்டே ஆகவேண்டிய சொற்றொடர், அவர் மொழியில் வராத இடமாகவே இருந்தது. இயங்குதளத்தின் தோற்ற அமைப்புக்குச் சென்று தலைப்புப்பட்டைக்கும் பட்டிக்கும் தமிழ் எழுத்துருவைத் தேர்வது ஒரு மாற்றுவழி. டாப் குறியேற்றத்தில் ஆங்கில எழுத்துகள் தம் இடத்திலேயே இருந்ததால் அவ்வழி ஓரளவு பயன்பட்டது. ஆங்கில இடங்களையும் தமிழுக்கே தந்த ஒருமொழிக் குறியேற்றத்தில், ஏனைய எல்லாச் செயலிகளின் ஆங்கிலமும் சிதைந்து தோன்றும்.

இவ்விடத்தில் அளவுகோலின் வேடிக்கை ஒன்றையும் சுட்ட வேண்டும். ஒருமொழி எழுத்துருவில் அந்த ஐம்பத்திரண்டு இடங்களிலும் தமிழ் வடிவங்களே இருந்தன. எனவே அத்தகைய எழுத்துருவை உரையாடல் பெட்டிக்குத் தந்தால், கணக்கின்படி அலகும் தமிழ் அகலத்தில் அமையும். அளவுகோலை அறியாமலே அதைத் தமிழாக்கிவிட்ட விபத்து இது. இருமொழி எழுத்துருவிலோ அளவுகோல் லத்தீனாகவே நீடித்தது.

யூனிகோடு வந்தபின்னும் தடை உடனே நீங்கவில்லை. விண்டோஸில் தமிழுக்கோ தெலுங்குக்கோ பழைய எட்டு பிட் குறிப்பக்கம் இருந்ததில்லை. அவை யூனிகோடு வழியாக மட்டுமே இயங்கும். ஆனால் 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இன் இயல்பான பொத்தானும் உரைப்பெட்டியும் பழைய குறிப்பக்க வழியிலேயே எழுத்தை வரைந்தன. மொழியின் உட்கிடங்கில் தொடர் யூனிகோடாக இருந்தும், திரைக்கு வரும்போது அது வினாக்குறிகளின் வரிசையாயிற்று. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். இந்த நெடிய இடைவெளிக்குக் காரணங்கள் பல; பொத்தானை வரையும் பொறுப்பு, செயலியை எழுதுபவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டப்பட்டிருந்ததும் அவற்றுள் ஒன்று என்பது என் வாதம்.

6. பூட்டு திறந்த கதை

பூட்டு இரண்டு படிகளில் திறந்தது. முதற்படி, அளவைச் சொல்லே தீர்மானிக்கட்டும் என்பது. 1980களின் இறுதியில் ஜான் அவுஸ்டர்ஹௌட் பெர்க்லியில் உருவாக்கிய டிகே கருவித்தொகுதியில், உறுப்புகளுக்கு ஆயத்தொலைவுகளைத் தரவேண்டியதில்லை. இதன் பக்கத்தில் இது, அதன் கீழ் அது என்று உறவைச் சொன்னால் போதும். ஒவ்வொரு உறுப்பும் தன் எழுத்துக்கு வேண்டிய இடத்தைக் கேட்டுப் பெறும். 1996இல் வெளிவந்த ஜாவாவும் இதே நெறியைத் தளவமைப்பு மேலாளர் என்ற பெயரில் ஏற்றது. கேடிஈ, குனோம் என்னும் கட்டற்ற மேசைத்தளங்களின் அடித்தளமான கியூட்டி, ஜிடிகே தொகுதிகளும் இவ்வழியில் நின்றன. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழகம், இலங்கை, மலேசியா, புலம்பெயர் நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் இத்தளங்களைத் தமிழாக்கியபோது, சொல்லை மாற்றினால் பொத்தானும் உடன் நீண்டது. விண்டோஸ் ஃபார்ம்ஸில் பொத்தான் தன் அளவைத் தானே அமைத்துக்கொள்ளும் வசதி 2005இல்தான் சேர்ந்தது.

இரண்டாம் படி, உறுப்பின் வினையையும் தோற்றத்தையும் பிரிப்பது. 1998இல் ஜாவாவின் ஸ்விங் தொகுதி, ஒரே பொத்தானுக்குப் பல முகங்களை மாற்றி மாட்டலாம் என்று காட்டியது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி தோற்றக் கோப்புகளை அறிமுகப்படுத்தியது. 2006இல் கியூட்டி 4.2 பாணித்தாள்களை ஏற்றது. இணையப் பக்கத்திற்கு எழுதுவதுபோலவே மேசைச் செயலியின் பொத்தானுக்கும் எழுத்துரு, ஓரம், குறைந்தபட்ச அகலம் ஆகியவற்றை எழுதலாம். அதே ஆண்டில் வந்த டபிள்யூபிஎஃப் இன்னும் துணிந்து, பொத்தானுக்கென்று தோற்றமே இல்லை என்றது. அழுத்தப்படும் தன்மையே பொத்தான். அதன் உருவம் முழுவதும் ஒரு வார்ப்புருவில் தனியே எழுதப்படும். 2011இல் வந்த ஜிடிகே 3 உம் பாணித்தாள் வழியை ஏற்றது. 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த 'நிர்மலா யூஐ', இடைமுகத்திற்கெனவே உருவான எழுத்துரு. தமிழும் தெலுங்கும் அதில் ஒரே குடும்பத்தில் அமைந்தன. எக்ஸ் முறைமையின் பழைய உரைக்கோப்பு சொன்னது, கால் நூற்றாண்டு சுற்றி மீண்டும் வந்து சேர்ந்தது.

7. 'வேண்டும்' என்பதும் 'வேண்டாம்' என்பதும்

அவ்வாறாயின் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. பூட்டைத் திறந்த அதே சாவி, புதிய பூட்டுகளை எவரும் செய்ய வழி வகுத்தது. பாணித்தாளில் 'குறைந்தபட்ச உயரம்' என்று எழுதுவதற்குப் பதில் 'உயரம் 24 பிக்சல்' என்று எழுதினால், தெலுங்கின் ஒத்து மீண்டும் அறுபடும். 'எஞ்சியதை மறைத்து மூன்று புள்ளி இடுக' என்ற ஒரு விதியைச் சேர்த்தால், தமிழின் வால் மறையும். இன்று பல மேசைச் செயலிகள் இணையத் தொழில்நுட்பத்தின்மேல் எழுதப்படுவதால் இவ்விதிகள் மிக எளிதாகக் கைக்கு வருகின்றன. முன்னர் இயங்குதளம் ஒருமுறை செய்த தவற்றை, இப்போது ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தனித்தனியே செய்ய முடியும்.

வால் மறைவதால் வருவது அழகுக்குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னே வரும்; 'சேமிக்காதே' என்பதற்குரிய தொடரில் 'டோன்ட்' என்ற சொல் முதலில் நிற்கும். எனவே பின்பகுதி வெட்டுப்பட்டாலும் அது மறுப்பு என்பது தெரியும். தமிழில் மறுப்பு ஈற்றில் வரும். 'மாற்றங்களைச் சேமிக்க வேண்டும்', 'மாற்றங்களைச் சேமிக்க வேண்டாம்' என்ற இரண்டும் கடைசி அசை வரை ஒன்றே. குறுகிய பொத்தானில் இரண்டுமே 'மாற்றங்களைச் சே' என்று தொடங்கி மூன்று புள்ளிகளில் முடியும். நேரெதிரான இரு கட்டளைகள் திரையில் ஒரே முகத்தோடு அருகருகே நிற்கும். தெலுங்கிலும் ஏவலும் விலக்கும் வினையின் ஈற்றிலேயே பிரிகின்றன: 'சேயண்டி' என்றால் செய்க, 'சேயவத்து' என்றால் செய்யற்க. நிலப்பதிவு, ஓய்வூதியம், மருத்துவப் பதிவேடு போன்றவற்றைத் தன் மொழியில் கையாள விரும்பும் ஊழியருக்கு இது ஓர் ஆவணத்தின் இருப்பும் இழப்பும் பற்றியது. இரண்டொரு முறை இடறியவர் இடைமுகத்தை ஆங்கிலத்திற்கே மாற்றிக்கொள்வார். தமிழ் இடைமுகத்தை யாரும் பயன்படுத்துவதில்லை என்று பின்னர் சொல்லப்படும்போது, பயன்படுத்த முடியாமற்போன காரணம் அக்கணக்கில் வராது.

8. ஆய்வு மாணவர்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து மூன்று பணிகள் எழுகின்றன. முதலாவது, சான்றுகளைக் காத்தல். 1990களின் அலுவலகச் செயலிகள் இயங்கிய கணினிகள் மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் திரைமுகம் எஞ்சியிருக்கக்கூடிய இடம் பயிற்சிக் கையேடுகளில் அச்சான படங்களும் பழைய நெகிழ்வட்டுகளும்தான். கல்வெட்டைப் படியெடுத்துத் தொகுத்த தலைமுறை இருந்ததால்தான் திருமலைச் சுவர்களைப் பற்றி இன்று பேச முடிகிறது. திரைமுகங்களுக்கும் அத்தகைய படியெடுப்பு தேவை. இத்தகைய கையேடுகளை வைத்திருப்போர் அவற்றைக் கழித்துவிடாமல் அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்திற்கேனும் தர வேண்டுகிறேன்.

இரண்டாவது, சோதனைச் சொற்கள். இடைமுகம் வடிவமைக்கும் மாணவர் ஒவ்வொருவரும் 'விருப்பத்தேர்வுகள்' என்ற தமிழ்ச்சொல்லையும் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்பதன் தெலுங்கு வடிவத்தையும் தம் பொத்தானுக்குள் இட்டுப் பார்க்கட்டும். ஒன்று அகலத்தையும் மற்றொன்று உயரத்தையும் சோதிக்கும். இரண்டும் அறுபடாமல் தோன்றினால், இந்திய மொழிகள் பலவற்றுக்கும் அச்செவ்வகம் பெரும்பாலும் போதும். எல்லை மாவட்டத்தை விதிவிலக்காகக் கருதாமல் அளவுகோலாகக் கொள்வதற்கான எளிய வழி இது.

மூன்றாவது, தோற்றத்தைப் பற்றிய பாடத்தைப் பாடத்திட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருதல். நிறத்தையும் நிழலையும் கற்பிக்கும்போதே, அகலமும் உயரமும் எவ்வெழுத்தைக் கொண்டு அளக்கப்பட்டன என்பதையும் கற்பிக்க வேண்டும். இயல்பளவு என்று கருவி நமக்குத் தருவது ஐம்பத்திரண்டு எழுத்துகளின் நினைவு. தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள். தெலுங்கின் எழுத்துக் கட்டுகளோ எண்ணிறந்தவை. அவற்றுக்கு இடம் தருவதா மறுப்பதா என்பது, ஒரு பாணித்தாளில் 'உயரம்' என்று எழுதுகிறோமா 'குறைந்தபட்ச உயரம்' என்று எழுதுகிறோமா என்பதில் அன்றாடம் முடிவாகிறது.